கெட்டிஸ்பர்க் போர்க்களத்தின் கற்களை ஆண்டு பார்த்துப் படிப்பது எப்படி

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை வாஷிங்டனுக்கு அழைத்துச் செல்லும்போது, பென்சில்வேனியாவிலுள்ள கெட்டிஸ்பர்க்கையும் அந்தப் பயணத்தில் சேர்த்துக்கொள்கின்றன. வாஷிங்டனிலிருந்து ஏறத்தாழ 80 மைல் தொலைவுதான். காரிலேயே ஒரு சுற்று சுற்றி, ஒரு பீரங்கியின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோர்தான் அதிகம். அவர்களுக்கு அங்கே தென்படுவது புல்வெளியும் வேலியும், எதற்கென்று விளங்காத நூற்றுக்கணக்கான கற்களுமே. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863 ஜூலை 1 முதல் 3 வரை வடக்கு, தெற்குப் படைகளிடையே இங்கே நடந்த சண்டையில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 51,000 பேர் இறந்தனர், காயமுற்றனர், பிடிபட்டனர் அல்லது காணாமற்போயினர். ஆனால் இந்த நிலம் இன்றைய கோலத்தை அடைந்ததற்கு அந்த மூன்று நாள்கள் மட்டும் காரணமில்லை. உயிர் தப்பியவர்கள் அடுத்த எழுபத்தைந்து ஆண்டுகளில் திரும்பத் திரும்ப இங்கே வந்து கூடினார்கள். தாம் நின்ற இடத்தை அளந்து கல் நட்டார்கள், அந்த இடத்துக்காக வழக்காடினார்கள், முன்னாள் எதிரிகளோடு கைகுலுக்கினார்கள். ஆகவே இங்குள்ள ஒவ்வொரு கல்லிலும் இரண்டு காலங்கள் இருக்கின்றன: சண்டை நடந்த 1863 ஒன்று, கல் நடப்பட்ட ஆண்டு மற்றொன்று. இரண்டாவதையும் சேர்த்துப் படிக்கப் பழகிக்கொண்டால், ஓர் உள்நாட்டுப் போரை ஒரு சமூகம் எப்படி நினைவில் வைத்துக்கொண்டது, எவற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டது என்பது கண்முன் விரியும். அப்படிப் படிப்பதற்கான வழிமுறைகளை இங்கே தருகிறேன்.

புறப்படும் முன்

முதலில் போரின் காரணத்தைத் தெளிவாக அறிந்துகொண்டு செல்லுங்கள். களத்தில் நிற்கும் கற்கள் துணிவைப் பற்றியும் கடமையைப் பற்றியும் நிறையப் பேசுகின்றன. எதற்காகச் சண்டையிட்டார்கள் என்பதைப் பற்றி அவற்றில் பெரும்பாலானவை எதுவும் சொல்வதில்லை. 1860-61இல் தென்மாநிலங்கள் பிரிந்து சென்றதற்கு அடிமை முறையைக் காத்துக்கொள்ளும் நோக்கமே அடிப்படை. மிசிசிப்பி மாநிலம் 1861இல் வெளியிட்ட பிரிவினை அறிக்கை, தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே வெளிப்படையாக அறிவிக்கிறது. இரண்டு பக்க அளவே வரும் அந்த அறிக்கையைப் பயணத்துக்கு முன்பு படித்துவிடுவது, பின்னாளில் முளைத்த சமாதானங்களை எடைபோட உதவும்.

அடுத்ததாக, ஒரே ஒரு ரெஜிமென்டை, அதாவது ஒரு மாநிலம் திரட்டிய சில நூறு பேர் கொண்ட படையணியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். நினைவுச் சின்னங்களும் குறியீட்டுக் கற்களும் பலகைகளுமாகக் களத்தில் 1,300-க்கும் மேற்பட்டவை இருப்பதால், எல்லாவற்றையும் பார்க்க முயல்பவருக்கு எதுவும் மனத்தில் தங்குவதில்லை. உங்கள் குடும்பம் இப்போது எந்த மாநிலத்தில் வாழ்கிறதோ அந்த மாநிலத்து ரெஜிமென்ட் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம்; அங்கே பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு அது உடனே ஒட்டிக்கொள்ளும். மினசோட்டாவில் இருப்பவர்களுக்கு 1ஆவது மினசோட்டா ரெஜிமென்ட் இருக்கிறது. ஜூலை 2 மாலையில் பாய்ந்து சென்ற அதன் 262 பேரில் 215 பேர் விழுந்ததாக அதன் கல் சொல்கிறது. மெய்ன் மாநிலத்தவருக்கு லிட்டில் ரவுண்ட் டாப் குன்றைக் காத்த 20ஆவது மெய்ன் உண்டு.

தேர்ந்தெடுத்த ரெஜிமென்டின் நினைவுச் சின்னத் திறப்பு விழாவில் ஆற்றப்பட்ட உரையைத் தேடி எடுங்கள். பல மாநிலங்கள் அத்தகைய உரைகளைத் தொகுத்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தடித்த தொகுதிகளாக அச்சிட்டன. பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அவற்றை இணைய நூலகங்களில் இலவசமாகப் படிக்க முடிகிறது. இருபது வயதில் இங்கே நின்ற ஒருவர், நாற்பத்தைந்து வயதில் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, எஞ்சியிருக்கும் தோழர்களுக்கு முன்னால் பேசிய சொற்கள் அவை. உரையை அச்சிட்டு எடுத்துச் சென்று அந்தக் கல்லின் அருகில் நின்றே படியுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பின்பற்ற நேரம் இருக்குமானால் இதையே பின்பற்றும்படி கேட்டுக்கொள்வேன்.

நடைமுறைக் குறிப்புகள் சுருக்கமாக: களத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை, அருங்காட்சியகத்துக்கு உண்டு. 377 அடி நீளமும் 42 அடி உயரமும் கொண்ட வட்ட ஓவியம் அங்கே இருக்கிறது. 1880களில் வரையப்பட்ட அதுவும் நினைவுகூர்தலின் ஒரு பகுதி என்பதால் பார்க்கத் தகுந்தது. உரிமம் பெற்ற வழிகாட்டிகள் 1915 முதல் பணியாற்றி வருகிறார்கள். முன்பதிவு செய்தால் உங்கள் காரிலேயே உடன் வந்து விளக்குவார்கள். அதிகம் நடக்க இயலாத பெரியவர்கள் உடன் வரும்போது இது மிகப் பெரிய உதவி. கோடையில் வெயில் கடுமையாக இருக்கும், உயர்ந்த புல்லில் உண்ணி தொற்றும் என்பதால் முழுக்கால் உடையும் போதிய தண்ணீரும் வேண்டும். மே மாதமும் அக்டோபரும் இதமானவை.

கல்லைப் படிக்கும் முறை

நமக்குக் கல் நடும் மரபு புதிதல்ல. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வீரனின் பெயர், அவன் எந்தச் சண்டையில் பட்டான், அப்போது ஆண்ட மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு அது என்பனவெல்லாம் பொறிக்கப்பட்டிருப்பதைப் போலவே, கெட்டிஸ்பர்க் கற்களுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. வடக்குப் படையின் கற்களில் அந்தந்தப் படைத்தொகுதிக்குரிய சின்னம் செதுக்கப்பட்டிருக்கும்: இரண்டாம் தொகுதிக்கு மூவிலை, மூன்றாவதற்குச் சாய்சதுரம், பதினொன்றாவதற்குப் பிறை, பன்னிரண்டாவதற்கு விண்மீன். பெரிய கல்லுக்கு இடமும் வலமும் சில கஜத் தொலைவில் முழங்கால் உயரச் சிறு கற்களைக் காண்பீர்கள். ரெஜிமென்டின் வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை அவை காட்டுகின்றன. அந்த இரண்டு சிறு கற்களுக்கும் இடையே பிள்ளைகளை நடக்கச் சொல்லுங்கள். சில நூறு பேர் தோளோடு தோள் நின்ற நீளம் எவ்வளவு என்பது காலுக்குப் புரியும்.

ரெஜிமென்ட் கற்களை நட்டவர்கள் அந்தந்த ரெஜிமென்டின் முன்னாள் வீரர்களும் அவர்களுடைய மாநில அரசுகளும் ஆவர். இவற்றிலிருந்து வேறுபட்டவை, போர்த்துறை களத்தை ஏற்றுக்கொண்ட 1895க்குப் பின்னர் அரசே நிறுவிய பிரிகேட் (சில ரெஜிமென்டுகள் சேர்ந்த படைக்குழு) பலகைகள். வடக்குப் படையின் பிரிகேட் பலகைக்குச் சதுர அடிப்பீடமும் தெற்குப் படையினதற்கு வட்ட அடிப்பீடமும் அமைத்தார்கள். இவற்றில் புகழ்ச்சியும் இல்லை, பழியும் இல்லை. எந்த நேரத்தில் எங்கே நின்றது, எத்தனை பேரை இழந்தது என்ற விவரங்கள் மட்டுமே. ஒரு வீரர் சங்கத்தின் கல்லையும் அதே இடத்தின் அரசுப் பலகையையும் அடுத்தடுத்துப் படித்தால், நினைவு எங்கே தகவலைவிட்டு உயர எழுகிறது என்பதைப் பிடித்துவிடலாம்.

கற்களின் இடம் எப்படி முடிவானது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். களத்தைப் பேணிய சங்கம் 1887இல் ஒரு விதி வகுத்தது: ஒரு ரெஜிமென்ட் எந்தப் போர் வரிசையில் நிறுத்தப்பட்டதோ அந்த வரிசையில்தான் அதன் கல் நிற்க வேண்டும், பாய்ந்து முன்னேறிச் சென்றடைந்த இடத்தில் நடக்கூடாது. தற்காத்து நின்றவர்களுக்கு இந்த விதியால் இழப்பில்லை. தாக்கி முன்னேறிய தெற்குப் படையினருக்கோ, அவர்கள் இரத்தம் சிந்திய இடங்களில் கல் நடும் வழி ஏறத்தாழ அடைபட்டது. லிட்டில் ரவுண்ட் டாப்பில் தம் தம்பியை இழந்த 15ஆவது அலபாமா ரெஜிமென்டின் தளபதி வில்லியம் ஓட்ஸ், தம் வீரர்கள் எட்டிய இடத்தில் ஒரு கல் வைக்க முதுமையில் பெரிதும் முயன்றும் அனுமதி கிடைக்கவில்லை. வடக்குப் படைக்குள்ளும் இந்த விதி பூசலை மூட்டியது. 72ஆவது பென்சில்வேனியா ரெஜிமென்டின் முன்னாள் வீரர்கள் கற்சுவர் ஓரத்தில்தான் தங்கள் சிலை நிற்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று 1891இல் வென்றார்கள். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து ஓங்கி நிற்கும் அந்த வீரன் சிலையை ‘ஆங்கிள்’ எனப்படும் சுவர் முனையருகே காணலாம். அந்தச் சிலையின் பின்னே வழக்குரைஞர்களும் சாட்சிகளும் நிற்கிறார்கள் என்பதை அறிந்து பார்த்தால், கிழவர்களான பின்பும் அந்தச் சிறு துண்டு நிலம் அவர்களுக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது நெஞ்சைத் தொடும்.

ஒரு மைல் நடை

காரைவிட்டு இறங்கி நடக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஜூலை 3 பிற்பகலில் ஏறத்தாழ 12,000 தெற்கு வீரர்கள் திறந்த வெளியைக் கடந்து தாக்கினார்கள். பிக்கெட் தாக்குதல் என்று அறியப்படும் அதில் ஏறத்தாழ பாதிப்பேர் வீழ்ந்தோ பிடிபட்டோ போயினர். வர்ஜீனியா நினைவுச் சின்னத்திலிருந்து புறப்பட்டு, எம்மிட்ஸ்பர்க் சாலையைக் கடந்து, எதிரே தெரியும் மரத்தொகுப்பை நோக்கி நடந்தால் ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவாக வரும். நிலம் தட்டையாகத் தோன்றினாலும் நடுவே சிறு மேடுபள்ளங்கள் இருப்பதும், சில இடங்களில் எதிரிலுள்ள குன்று கண்ணிலிருந்து மறைவதும், சாலை வேலியைத் தாண்டியபின் மறைவே இல்லாமற்போவதும் நடப்பவருக்கே தெரியும்.

சுவரை அடைந்ததும் இங்கே நடந்த பிற்காலச் சந்திப்புகளை நினைத்துப் பாருங்கள். 1887இல் பிக்கெட் படைப்பிரிவின் முன்னாள் வீரர்கள், அன்று சுவருக்குப் பின்னால் நின்று தங்களைச் சுட்ட பிலடெல்பியா பிரிகேடின் வீரர்களை இதே இடத்தில் சந்தித்தார்கள். 1913இல், போரின் ஐம்பதாம் ஆண்டில், 53,000-க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் கெட்டிஸ்பர்க்கில் கூடாரங்களில் தங்கினார்கள். அவர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தெற்கைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் எழுபதைக் கடந்தவர்கள், வெப்பமோ நூறு பாரன்ஹீட்டைத் தொட்டது. ஜூலை 3 அன்று, 1887இல் சந்தித்த அதே இரு படைகளின் முன்னாள் வீரர்களும் சுவரின் இருபுறமும் நின்று கைகளை நீட்டிக் குலுக்கிக்கொண்டார்கள். அந்தப் படம் இன்றும் பல நூல்களில் இடம்பெறுகிறது. ஒருவரையொருவர் கொல்ல முயன்ற மனிதர்கள் அரை நூற்றாண்டு கழித்து ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள் என்பதை எளிதாகக் கடந்து போக முடியவில்லை. அந்த அன்பு பொய்யானது என்று நான் கருதவில்லை.

ஆயினும் அந்தப் படத்தின் விளிம்புகளையும் பார்க்க வேண்டும். வடக்குப் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினார்கள். கெட்டிஸ்பர்க் சண்டையில் அவர்களுடைய ரெஜிமென்ட் எதுவும் பங்கேற்கவில்லை என்றாலும், 1913 கூடுகை போர் முழுவதையும் நினைவுகூரவே அழைக்கப்பட்டது. அங்கே கறுப்பின மக்கள் பெரும்பாலும் கூடாரம் அமைக்கும், போர்வை வழங்கும் பணியாளர்களாகவே காணப்பட்டார்கள். ஜூலை 4 அன்று உரையாற்றிய குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், பழைய சச்சரவு மறக்கப்பட்டுவிட்டது என்றார். அதே ஆண்டில் அவருடைய நிர்வாகத்தில்தான் நடுவண் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்து அமர்த்தும் நடைமுறை விரிவாக்கப்பட்டது. இரு தரப்பு வெள்ளை வீரர்களின் இணக்கத்துக்குச் சச்சரவின் காரணத்தைப் பேசாதிருப்பது விலையாக வைக்கப்பட்டது. அந்த விலையைக் கொடுத்தவர்கள் கறுப்பின மக்களே.

இல்லாதவர்களைத் தேடிச் செல்லுதல்

இதற்குக் களத்திலேயே வழி இருக்கிறது. ஆங்கிளிலிருந்து சற்று வடக்கே சிறிய வெள்ளை வீடு ஒன்று நிற்கிறது. ஆபிரகாம் பிரையன் என்ற சுதந்திரக் கறுப்பின விவசாயியின் வீடு அது. தெற்குப் படைத்தலைவர் ராபர்ட் லீயின் படை பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது கறுப்பின மக்களைப் பிடித்து அடிமைகளாகத் தெற்கே கொண்டு சென்றது. அதனால் பிரையன் குடும்பமும் ஊரிலிருந்த பலரும் முன்னதாகவே தப்பி ஓடினார்கள். திரும்பி வந்தபோது பயிர்களும் வேலியும் அழிந்திருந்தன. ஆயிரம் டாலருக்கு மேல் இழப்பீடு கோரியவருக்குக் கிடைத்தது 15 டாலர்.

மரத்தொகுப்பின் கதை இன்னும் வியப்புக்குரியது. அந்த நிலம் போருக்குப் பின் பேசில் பிக்ஸ் என்ற கறுப்பின விவசாயிக்கு உரிமையாயிற்று. 1863 இலையுதிர் காலத்தில், வயல்களில் அவசரமாகப் புதைக்கப்பட்டிருந்த வடக்கு வீரர்களின் உடல்களைத் தோண்டி எடுத்துப் புதிய தேசியக் கல்லறைக்குக் கொண்டு சேர்க்கும் பணியை, கறுப்பினத் தொழிலாளர்களை வைத்து நடத்தியவரும் அவரே. பின்னாளில் அவர் அந்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது, களத்தின் வரலாற்றை எழுதிவந்த ஜான் பேச்செல்டர் பேசித் தடுத்தார். 1892இல் அந்த மரங்களுக்கு முன் பெரிய வெண்கல நூல் வடிவச் சின்னம் எழுந்தது. அதில் தளபதிகளின் பெயர்களையும் படைப்பிரிவுகளின் பெயர்களையும் படிக்கலாம்.

பிக்ஸின் கல்லறையைக் காண ஊருக்குள் லாங் லேன் தெருவிலுள்ள லிங்கன் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்ல வேண்டும். கறுப்பின முன்னாள் வீரர்கள் முப்பது பேரளவில் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். விடுதலைக்காகச் சண்டையிட்டு வந்து இந்த ஊரில் வாழ்ந்து மறைந்தவர்கள், நடக்கும் தொலைவிலிருந்த தேசியக் கல்லறையில் இல்லாமல் இங்கே இருப்பதற்கு நிறம்தான் காரணம். காரில் ஐந்து நிமிடம். பயணிகள் மிகச் சிலரே வருகிறார்கள். தயவுசெய்து நீங்கள் செல்லுங்கள்.

தெற்கு மாநிலங்களின் சாலை

செமினரி மேட்டின் வழியே செல்லும் சாலையில் தெற்கு மாநிலங்களின் பெரிய சின்னங்கள் வரிசையாக நிற்கின்றன. இங்கேதான் ஆண்டு பார்த்துப் படிக்கும் பழக்கம் முழுப்பயன் தரும். வர்ஜீனியா 1917, வட கரோலினா 1929, அலபாமா 1933. பிறகு நீண்ட இடைவெளி. ஜார்ஜியா 1961, தென் கரோலினாவும் புளோரிடாவும் 1963, டெக்சாஸ் 1964, ஆர்கன்சா 1966. முன்னாள் வீரர்கள் எவரும் உயிரோடு இல்லாத காலத்தில், கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் இந்தக் கற்கள் எழுந்தன. தென் கரோலினாவின் கல்லில் மாநில உரிமைகளின் புனிதம் பற்றிய வாசகம் இருக்கிறது. அதன் திறப்பு விழாவில் இனப் பிரிவினையின் முதன்மைக் குரலாக விளங்கிய அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் கலந்துகொண்டார். அதே ஆண்டு மே 30 அன்று இதே ஊரில் பேசிய துணைக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனோ, அடிமை விடுதலைக்கு நூறு ஆண்டுகள் கழிந்தும் நிறத்தின் தளை அறுபடவில்லை என்று கூறினார். ஆக, 1963இன் வாதம் 1863இன் வயலில் நடந்தது.

ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட்டின் சிலையையும் தேடிப் பாருங்கள். லீக்கு அடுத்த நிலையிலிருந்த இந்தத் தளபதி, போருக்குப் பின் குடியரசுக் கட்சியில் சேர்ந்து கறுப்பின மக்களின் வாக்குரிமையை ஏற்றார். தெற்கு அவரைத் துரோகி என்று ஒதுக்கியது. 1888 கூடுகையில் முன்னாள் எதிரிகள் அவரை அன்போடு வரவேற்றார்கள். களத்தில் அவருக்குச் சிலை அமைந்தது 1998இல்தான், அதுவும் பீடம் இல்லாமல் தரையிலேயே.

ஓக் ஹில்லில் எரியும் அணையா விளக்கு 1938ஆம் ஆண்டுக் கடைசிப் பெருங்கூடுகைக்கு உரியது. ஏறத்தாழ 1,800 பேர் வந்திருந்தார்கள். சராசரி வயது தொண்ணூறுக்கு மேல். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜூலை 3 அன்று அதைத் திறந்து வைத்தார். அந்தக் கூடுகையின் அசையும் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. செல்லும் முன் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள்.

கல்லறையிலும் களத்திலும் நடந்துகொள்ளும் முறை

தேசியக் கல்லறைக்கு மாலையில் செல்வது நல்லது. 3,500-க்கும் மேற்பட்ட வடக்கு வீரர்கள் அரைவட்ட வரிசைகளில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேருக்குப் பெயர் இல்லை, எண் மட்டும் பொறித்த சிறு பளிங்குக் கற்களே. லிங்கன் 1863 நவம்பர் 19 அன்று பேசிய உரை இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் குடும்பத்தில் ஒருவர் மெல்லிய குரலில் படிக்கலாம். தெற்கு வீரர்களின் உடல்கள் வயல்களிலேயே கிடந்து, 1870களின் தொடக்கத்தில்தான் தெற்கு மாநில மகளிர் சங்கங்களின் முயற்சியால் ரிச்மண்ட் முதலிய ஊர்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டன என்பதையும் அங்கே சொல்லுங்கள். எந்தப் பக்கத்தவனாயினும் இறந்தவனின் தாய்க்கு உடல் வேண்டும்.

பீரங்கிகள் மீதும் சிலைகள் மீதும் ஏறக்கூடாது. தரையில் கிடைக்கும் குண்டோ பித்தானோ எதையும் எடுக்கக்கூடாது. உலோகங்காட்டிக் கருவியும் டிரோனும் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. டெவில்ஸ் டென் பாறைகளிடையே இறந்து கிடக்கும் வீரனின் புகழ்பெற்ற ஒளிப்படம், உடலை வேறிடத்திலிருந்து தூக்கிவந்து எடுக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். அங்கே படுத்து அந்தப் படத்தைப் போலவே நடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பிள்ளைகளிடம் அனுமதிக்காதீர்கள்.

நினைவு நிகழ்ச்சிகளில் பங்கேற்க விரும்பினால், சண்டையின் ஆண்டு நிறைவான ஜூலை 1 முதல் 3 வரையிலும், லிங்கன் உரையின் நாளான நவம்பர் 19ஐ ஒட்டியும் திட்டமிடுங்கள். ஜூலையில் சண்டை நடந்த அதே மணிநேரங்களில் களத்தில் நடைப்பயணங்கள் நடத்தப்படும், ஆனால் கூட்டமும் வெயிலும் கடுமை. பெரியவர்களுடன் செல்வோருக்கு நவம்பரே ஏற்றது. விடுதிகள் விரைவில் நிரம்பிவிடும். சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது நாள் ஒன்று கையில் இருக்குமானால் வாஷிங்டனில், யூ தெருவிலுள்ள கறுப்பின வீரர் நினைவுச் சின்னத்துக்குச் செல்லுங்கள். 1998இல் திறக்கப்பட்ட அதன் சுவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் ரெஜிமென்ட் வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கெட்டிஸ்பர்க்கின் லிங்கன் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெயரையும் அவருடைய ரெஜிமென்ட் எண்ணையும் முதல் நாள் குறித்துக்கொண்டு வந்தால், மறுநாள் அந்தச் சுவரில் அந்த வரிசையைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.